கசப்பு குழம்பில் இல்லை

ஆகுர்டி, புனே
ஞாயிறு, சாப்பாட்டுக்குப் பின்

அன்புள்ள பார்கவிக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் டாக்டரிடம் போகத் தேவையில்லாத அளவுக்கு நலம். நீ அனுப்பும் படங்களில் முகம் மட்டும் தெரிவதால் கழுத்துக்கு மேலே நீயும் நலம் என்று அறிந்துகொண்டோம், மீதியைப் பற்றியும் ஒரு வரி எழுது. டப்ளினில் எந்நேரமும் மழை என்கிறாய், தலையைத் துவட்டாமல் தூங்காதே, முடி கொட்டுகிறது என்று பிறகு என் எண்ணெயைக் குறை சொல்லாதே. ஏன் திடீரென்று காகிதத்தில் எழுதுகிறேன் என்று யோசிப்பாய். குரல் செய்தி அனுப்பினால் இரண்டு மடங்கு வேகத்தில் ஓட்டிக் கேட்பதாக நீயே சொன்னாய், என் குரல் அணில் போல் கேட்கிறதாம். போனில் பேசினால் மூன்றாவது நிமிடத்தில் மா, பாயிண்ட்டுக்கு வா என்கிறாய். கடிதத்தை வேகமாக ஓட்ட முடியாது கண்ணு. அதிலும் தமிழ்க் கடிதம், நீ எழுத்துக்கூட்டித்தான் படித்தாக வேண்டும். இருபத்தாறு வருடத்தில் முதல்முறையாக என் பேச்சை நீ நிதானமாகக் கேட்கப் போகிறாய்.

பாயிண்ட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாளை திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு மொகாஷி சாரிடம் நான் ஒரு பதில் சொல்ல வேண்டும். அதைப் பொறுத்து, நான்கு வருடமாக நான் செய்த கை ஜெல் என் மேசையில் இருக்கும் அல்லது இருக்காது. மொகாஷி சார் எங்கள் பிம்ப்ரி கம்பெனியின் முதலாளி, நீ ஒரு முறை பார்த்திருக்கிறாய், உனக்கு சீதாப்பழ ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தவர். நல்ல மனிதர். கத்துகிற முதலாளி என்றால் திருப்பிக் கத்தலாம். இவர் இஞ்சி டீ வரவழைத்துக் கொடுத்துவிட்டுத்தான் கழுத்தில் கை வைப்பார்.

கொரோனாக் காலத்தில் ஊரிலுள்ள அத்தனை பேரும் சானிடைசர் செய்தார்கள், பெயிண்ட் கடைக்காரர்கூடச் செய்தார். அப்போது நாங்கள் செய்ததும் கேவலமாகத்தான் இருந்தது, கையில் தேய்த்தால் பள்ளிக்கூட ரப்பரால் அழித்தது போல் துகள் துகளாக உதிரும். கூட்டம் கலைந்த பிறகு, ஆஸ்பத்திரிகளுக்கு மட்டும் உருப்படியாக ஒன்று செய்வோம் என்று மொகாஷி சார் என்னிடம் கொடுத்தார். நானும் ஐம்பது வயதில் ஏதோ கண்டுபிடிக்கப் போகிறவள் மாதிரி புதுக் கண்ணாடி எல்லாம் மாற்றிக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு ஜெல் கல்யாண மண்டபத்துக் கழிப்பறை மாதிரி மணத்தது. இன்னொன்று நாற்பது டிகிரி அலமாரியில் இரண்டு மாதம் வைத்ததும் மோராகிவிட்டது. கடைசியில் நின்ற ஒன்றை நாற்பது பேர் கையில் சோதித்தோம். விரல் நுனியில் ஆபத்தில்லாத பாக்டீரியாவைத் தடவி, ஜெல்லைத் தேய்க்க வைத்து, அந்த விரல்களைக் கண்ணாடித் தட்டில் பதித்து, மறுநாள் எத்தனை புள்ளி முளைத்திருக்கிறது என்று எண்ணுவோம். ஏறக்குறைய ஒன்றுமே முளைக்கவில்லை. ஒட்டுகிறதா, எரிகிறதா, வாசனை தலைவலிக்கிறதா, எத்தனை நொடியில் காய்கிறது என்று ஐம்பத்திரண்டு கேள்வி கேட்டோம். பதினெட்டு நொடியில் காயும். அந்தப் பதினெட்டை நான் அப்பாவிடம் சொன்ன அளவுக்கு உன் பிறந்த நேரத்தைக்கூட யாரிடமும் சொன்னதில்லை.

கடைசிக் கட்டம் ஆஸ்பத்திரி. இங்கே ஆகுர்டியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் இரண்டு வார்டிலும் நர்சுகளின் ட்யூட்டி ரூமிலும் ஆறு வாரம் பாட்டில் வைத்தோம். புதன்தோறும் நானும் என் உதவியாளர் வைஷாலியும் போய் எவ்வளவு தீர்ந்திருக்கிறது என்று அளந்து, குறை நிறைகளைப் படிவத்தில் எழுதி வாங்கி வருவோம். நன்றாகத்தான் தீர்ந்தது. அங்கே கைகழுவும் இடம் நடைபாதையின் அந்தக் கோடியில், சாப்பாட்டு நேரமோ இருபது நிமிடம், அதனால் சாப்பிடும் முன்பும் நர்சுகள் ஜெல்லைத்தான் தேய்த்துக்கொண்டார்கள். நான் பூரித்துப்போய் அதையும் குறித்துக்கொண்டேன், சோப்புக்குப் பதிலாகவும் விரும்பிப் பயன்படுத்துகிறார்கள் என்று. இந்த வரியை நினைவில் வைத்துக்கொள், இதற்காகத்தான் என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அதே சமயத்தில் அந்தோணியம்மாள் கதை ஆரம்பித்தது. நம் பின்தெருவில் இரண்டு வருடமாக இருக்கிறாள், தூத்துக்குடிக்காரி, நீ ஊரை விட்டுப் போன பிறகு வந்தவள். அந்த ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் தமிழ்நாட்டு, கேரளத்து நர்சுகளுக்கு மத்தியானச் சாப்பாடு அவள்தான் டப்பாவில் கட்டிக் கொண்டுபோய் கேட்டில் கொடுப்பாள், நாற்பத்திரண்டு டப்பா. திடீரென்று ஒரு நர்ஸ் சாம்பார் கசக்கிறது என்றாள். அந்தோணியம்மாள் வெந்தயத்தை நிறுத்தினாள். மறுநாள் ரசமும் கசந்தது. புளியை மாற்றினாள். பிறகு மோர்ச்சோறு கசந்தது, மோர்ச்சோற்றில் எதை மாற்றுவது. பாத்திரத்தை மாற்றினாள், தண்ணீர்க் கேனை மாற்றினாள், மாதா கோவிலில் போய் மெழுகுவர்த்தி ஏற்றினாள். மூன்றாவது வாரம் விற்றது ஒன்பது டப்பாதான்.

இதில் உன் அம்மாவின் பங்கு என்னவென்றால், ஆஸ்பத்திரியில் எஸ்தர் சிஸ்டர் என்று ஒருவர், நர்சுகளுக்கு மூத்தவர், நாகர்கோவில். அவர் ஒரு புதன்கிழமை டப்பா மூடியை என்னிடம் நீட்டி, மேடம் நீங்க கெமிஸ்ட்டுல்லா, என்னான்னு பாத்துச் சொல்லுங்க என்றார். எனக்குத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்லிப் பழக்கம் இல்லையே. மூடியை மோந்து பார்த்து, கண்ணை மூடித் திறந்து, எண்ணெய் பழசு, திரும்பத் திரும்பக் காய்ச்சினால் இப்படித்தான் கசக்கும் என்று ஏழெட்டு நர்சுகள் முன்னால் தீர்ப்புச் சொன்னேன். அதோடு விட்டேனா, வீட்டுக்கு வந்து நம் அபார்ட்மெண்ட் தமிழ்ப் பெண்கள் குழுவிலும் வெளியில் சாப்பாடு வாங்குவோர் எண்ணெய் விஷயத்தில் கவனம் என்று பெயர் சொல்லாமல் எழுதினேன். பெயர் சொல்லாமல் எழுதினால்தான் எல்லோருக்கும் பெயர் தெரியும். லலிதா மாமி உடனே எனக்குத் தனியாகப் போன் போட்டு முக்கால் மணி நேரம் நன்றி சொன்னார்.

போன புதன்கிழமைக்கு முந்தைய புதன் எனக்கும் வைஷாலிக்கும் சாப்பிட நேரம் ஆகிவிட்டது. எஸ்தர் சிஸ்டர் பாவம் பார்த்து, அந்தோணியம்மாள் டப்பா ஒண்ணு மிச்சம் கெடக்கு, கசப்ப பொறுத்துக்கிட்டா சாப்பிடுங்க என்றார். நான் எல்லோரும் பார்க்க ஜெல்லை எடுத்துத் தேய்த்து, பதினெட்டு எண்ணிக் காட்டிவிட்டு, புளிக்குழம்பைப் பிசைந்து ஒரு வாய் போட்டேன். அப்பப்பா, அப்படி ஒரு கசப்பு, நாக்கின் அடிவாரம் வரைக்கும். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம், பார்த்தீர்களா, எண்ணெய் என்று நான் சொன்னேனே என்று நிமிர்ந்து பார்த்தேன். எதிரே வைஷாலி அதே டப்பாவிலிருந்து அதே குழம்புச் சோற்றை எடுத்து வெளுத்துக்கட்டிக்கொண்டிருக்கிறாள். கித்தி சான், மேடம், ரொம்ப நன்றாக இருக்கிறது, கசப்பா, எங்கே கசப்பு என்கிறாள். முதல் நாள் லேபில் கண்ணாடிக் குடுவை உடைந்து வலது கை விரலில் கட்டுப் போட்டிருந்தாள், அதனால் ஸ்பூனில் சாப்பிட்டாள்.

கை, ஸ்பூன். சோறு படாத இடது கை விரலை மெதுவாக வாயில் வைத்தேன். கசந்தது. ஒவ்வொரு விரலாக வைத்துப் பார்த்தேன். நர்சுகள் எல்லாம் சாப்பாட்டை நிறுத்திவிட்டு, ஐம்பத்து நான்கு வயதுப் பெண்மணி பத்து விரலையும் சப்புவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

விஷயம் இதுதான். எங்களுக்கு வரும் சாராயத்தில், யாரும் எடுத்துக் குடித்துவிடக் கூடாது என்பதற்காகக் கசப்புத் தூள் கலந்துதான் வரும். ஒரு சிட்டிகைக்கே பீப்பாய் முழுக்கக் கசக்கும். கையில் தேய்த்தால் சாராயம் பறந்துவிடும், கசப்பு பறக்காது, விரலிலேயே உட்கார்ந்திருக்கும். இது எனக்குத் தெரியாதா, தெரியும், வரும் பீப்பாய்க்கெல்லாம் நான்தான் கையெழுத்துப் போடுகிறேன். ஐம்பத்திரண்டு கேள்வி கேட்டோமே தவிர, விரலை வாயில் வைத்துப் பார் என்று ஒருவரிடமும் கேட்கவில்லை. லேபுக்குள் சாப்பிடக் கூடாது, காண்டீன் வாசலில் சோப்பால் கழுவாமல் செக்யூரிட்டி உள்ளே விடமாட்டார், எனவே எங்கள் கம்பெனியில் ஜெல் தேய்த்த கையோடு சாப்பிட்டவர் ஒருவரும் கிடையாது. கை சுத்தமாக இருக்கிறவர்களாகக் கூடி, கைகழுவ முடியாதவர்களுக்கு ஜெல் செய்திருக்கிறோம்.

மறுநாளே மொகாஷி சாரிடம் போய்ச் சொன்னேன். டீ வந்தது. கிரிஜாஜி, யே கானே கீ சீஸ் தோடீ ஹை, இது தின்கிற பொருளா என்ன என்றார். தின்கிற கைக்குத்தானே சார் போகிறது என்றேன். சாப்பிடும் முன் சோப்பால் கழுவவும் என்று லேபிளில் சின்ன எழுத்தில் போட்டுவிடலாம் என்றார். கழுவ நேரமில்லாதவர்களுக்காகச் செய்த பொருளில் கழுவவும் என்று போடுவதற்கு நான்கு வருடம் எதற்கு சார், நாலு சோப்பு வாங்கிக் கொடுத்திருக்கலாமே என்றேன். டீ ஆறுகிறது என்றார். கசப்பு கலக்காமலே கிடைக்கும் வேறு ஆல்கஹால் இருக்கிறது, அதில் மாற்றிச் செய்யலாம், வாசனை ஆஸ்பத்திரி வாசனையாக இருக்கும், ஆஸ்பத்திரிக்குத்தானே போகிறது என்றேன். அப்படிச் செய்தால் கெட்டியாவது முதல் நாற்பது பேர் விரல் வரை எல்லாம் மறுபடி முதலிலிருந்து, அலமாரியில் மட்டும் ஆறு மாதம். இந்த ஆஸ்பத்திரிக்காரர்களுக்கு இன்னும் எட்டுக் கிளை இருக்கிறது, இந்த மாதக் கடைசியில் யார் ஜெல் என்று முடிவு செய்கிறார்கள், ஆறு மாதம் அவர்கள் கையைக் கட்டிக்கொண்டு இருப்பார்களா என்று கேட்டு, ஆஸ்பத்திரிச் சோதனை அறிக்கையை என் பக்கம் தள்ளினார். பயன்படுத்தியோர் சொன்ன குறைகள் என்ற இடத்தில் ஏதுமில்லை என்று அச்சடித்திருந்தது. கீழே என் பெயர். எரிச்சல் என்னவென்றால் அது பொய்யும் இல்லை. நர்சுகள் குழம்பைத்தான் குறை சொன்னார்கள், ஜெல்லை ஒருவரும் சொல்லவில்லை. நான் கையெழுத்துப் போடாமல் அதைப் பைக்குள் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அப்பாவிடம் சொன்னால், நாஞ் சொல்றதக் கேளு, பேசாம கையெழுத்தப் போட்டுப் போட்டு வா, உனக்கு எதுக்கு ஊர் வம்பு என்றார். கராடி ஆபீசுக்குப் போய்வரத் தினம் நாலு மணி நேரம் பஸ்ஸிலும் மெட்ரோவிலும் நின்று நின்று அவருக்கு எதையும் உட்கார்ந்து யோசிக்கவே பிடிப்பதில்லை. முட்டிவலி வேறு. நீ சொன்னால் பெல்ட் போட்டுக்கொள்வார், சொல்லு.

அந்தோணியம்மாள் வீட்டுக்குப் போனேன். புதுப் பாத்திரங்களை விளக்கிக்கொண்டிருந்தாள். முழுவதையும் சொன்னேன், எண்ணெய் என்று சொன்னது நான்தான் என்பதையும் சேர்த்து. அழுவாள், இல்லை பெருந்தன்மையாகப் பரவாயில்லை என்பாள் என்று நினைத்தேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து என் எதிரே உட்கார்ந்தாள். யக்கா, எனக்குக் கசக்கல, அவளுவளுக்கு மட்டும் கசக்குது. மூணு வாரமா எந் நாக்குதான் செத்துப் போச்சின்னு நெனச்சேன். டாக்டர்ட்ட போயி நாக்க நீட்டிக் காட்டிட்டு வந்திருக்கேன். நாக்கு போனா சமையக்காரிக்கு வேற என்ன இருக்கு, சொல்லுங்க என்றாள். பிறகு அவளே, எண்ணெ பழசுன்னு நாலு பேருக்கு முன்னால சொன்னீயள்லா, வாயால சொன்னது எழுதாமலே ஊரு பூரா போயிட்டு, இத மட்டும் ஏங்கிட்டத் தனியாச் சொன்னாப் போதுமா, எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாங்க என்றாள்.

கோடு போட்ட நோட்டில் ஒரு தாள் கிழித்துக் கொடுத்தாள். எழுதும்போது எனக்கு இன்னொரு பயம். ஜெல் கசக்கும் என்று தெரிந்தால் நர்சுகள் வார்டிலும் அதைத் தொடமாட்டார்கள், அப்புறம் ஒரு நோயாளியைத் தொட்ட கையோடு அடுத்த நோயாளி. அது குழம்பு கசப்பதைவிடப் பெரிய பாவம். அதனால் எல்லாவற்றையும் எழுதினேன், தமிழில் ஒரு பக்கம், ஆங்கிலத்தில் ஒரு பக்கம். அந்தோணியம்மாள் சமையலில் கசப்பு இல்லை, கசப்பு எங்கள் ஜெல்லில் இருக்கிறது, நோயாளியைத் தொடும் முன்னும் பின்னும் ஜெல்லைத் தவறாமல் தேய்க்கவும், சாப்பிடும் முன் மட்டும் சோப்பால் கழுவவும், எண்ணெய் பழசு என்று நான் சொன்னது தவறு, கிரிஜா சந்திரசேகரன், எம்.எஸ்ஸி., என்று கம்பெனி பெயரோடு. எம்.எஸ்ஸி.யை அவள்தான் போடச் சொன்னாள்.

நான் பயந்தபடியே இரண்டு நாள் வார்டில் பாட்டிலை ஒருவரும் தொடவில்லையாம். எஸ்தர் சிஸ்டர் வாய்க்கு வந்தபடி திட்டி வழிக்குக் கொண்டுவந்தார். அதோடு ட்யூட்டி ரூம் வாசலில் குழாய் வைத்த பிளாஸ்டிக் டிரம் ஒன்றை நிறுத்தி, கீழே ஒரு வாளி, பக்கத்தில் ஒரு சோப்பு. ஒரே மத்தியானத்தில் முடிந்த வேலை. என் நான்கு வருடத்தை ஒரு டிரம் ஜெயித்துவிட்டது.

தாளை அந்தோணியம்மாள் நர்சுகளிடம் காட்டிவிட்டு உள்ளே வைப்பாள் என்று நினைத்தேன். பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, டப்பா கொடுக்கும் இடத்தில் ஆஸ்பத்திரி கேட் கம்பியில் கட்டிவிட்டாள். வெள்ளிக்கிழமை மொகாஷி சார் கூப்பிட்டார். அவர் போனில் அந்தத் தாளின் படம். கத்தவில்லை. கேட்டில் இருப்பதை எடுத்துவிடுங்கள், ஏதோ தவறான புரிதல் என்று ஒரு வரி எழுதிக் கொடுங்கள், அறிக்கையில் கையெழுத்துப் போடுங்கள், வேறு ஆல்கஹாலை அடுத்த வருடம் நிதானமாகப் பார்க்கலாம் என்றார். இல்லாவிட்டால் ஜெல் வேலையை வைஷாலியிடம் கொடுத்துவிடுவாராம், என்னைப் பீப்பாய் சரிபார்க்கும் பகுதிக்கு மாற்றிவிடுவாராம். திங்கட்கிழமை சொல்லுங்கள் என்றார். இதற்கு இரண்டு டீ.

உன்னிடம் மறைப்பானேன், நேற்று நான் அந்தத் தாளை எடுக்கத்தான் போனேன். இனி எல்லோருக்கும் தெரிந்துவிட்டதே, தாள் எதற்கு, என் ஜெல்லை நானே சரிசெய்ய வேண்டுமென்றால் நான் அங்கே இருக்க வேண்டாமா என்று பஸ்ஸில் நியாயமெல்லாம் தயார் செய்துகொண்டு போனேன். முக்கியமான நியாயம், வைஷாலி கையில் அது மறுபடி மோராகிவிடும் என்பது. கேட்டில் போய் நின்றால் இருபத்தாறு டப்பா அடுக்கியிருக்கிறது. உறைமேல் மஞ்சள் கைரேகை, நிறையப் பேர் எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் அந்தோணியம்மாள், நல்ல நேரத்துக்கு வந்தீய யக்கா, புதுசா வந்த நர்சு ஒருத்தி கேக்கா, இதுல தேதியே இல்ல, இது எப்பக்கிச் சங்கதி, பழசா புதுசான்னு. நீங்களே போட்டிருங்க என்று உறையிலிருந்து தாளை உருவி என் கையில் கொடுத்துவிட்டு டப்பா எடுத்துக் கொடுக்கத் திரும்பிவிட்டாள். என்னை மன்னித்த முகமெல்லாம் இல்லை. தாள் என் கையில் இருந்தது, பை திறந்திருந்தது, மடித்து உள்ளே போட்டிருந்தால் அவள் கவனித்திருக்கக்கூட மாட்டாள். டப்பா வாங்க நின்ற பெண் என்னிடம் பேனா இருக்கிறது ஆன்ட்டி என்று நீட்டினாள். வாங்கித் தேதியைப் போட்டேன். தேதிக்குக் கீழே மறுபடி ஒரு கையெழுத்து, அதற்குக் கீழே என் போன் நம்பர், சந்தேகமிருந்தால் கேட்கட்டும் என்று. உறைக்குள் வைத்து நானே கம்பியில் கட்டினேன், அவள் கட்டியிருந்த முடிச்சு எனக்கு வரவில்லை, மூன்று முடிச்சாகப் போட்டேன்.

ஆகவே நாளை சொல்லப்போகும் பதில் உனக்குத் தெரிந்துவிட்டது. அறிக்கையில் ஏதுமில்லை என்பதை அடித்துவிட்டு, தாளில் எழுதியதையே ஆங்கிலத்தில் எழுதி, அதன் கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுக்கப் போகிறேன். அவர் டீ கொடுத்தால் குடித்துவிட்டே வருவேன். ஜெல் போய்விடும், வைஷாலிக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியதை இரண்டு பக்கம் எழுதி வைத்திருக்கிறேன், நல்ல பெண், கொஞ்சம் அவசரக்காரி. அபார்ட்மெண்ட் குழுவிலும் பெயரோடு எழுதிவிட்டேன். லலிதா மாமி இதற்கு மட்டும் போன் போடவில்லை.

நீ இதற்காக வேலையை விட்டு ஓடி வராதே, அப்பாவிடம் தனியாகப் பேசி என்னைத் திட்டவும் வைக்காதே. உன் பாஸ்போர்ட் தை மாதத்தோடு முடிகிறது, இப்போதே விண்ணப்பம் போடு, கடைசி நாளில் போய் நிற்காதே. மருதமலையான் உனக்குத் துணையிருக்கட்டும், உன் நாக்கும் மனசும் உன் சொல்லைக் கேட்கட்டும், நல்லா இரு சாமி. நாளைக்கு நீ கூப்பிடும்போது ஆபீசில் என்ன ஆச்சு என்று மட்டும் எடுத்தவுடன் கேட்டுவிடாதே. சாப்பிட்டியாம்மா என்று கேள், மீதியை நானே சொல்கிறேன்.

ஆசிகளுடன்,
உன் அம்மா
கிரிஜா